சூடானால் மட்டும் வந்த கடகட சத்தம்

என் போலோ காரில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள புகைக்குழாய், சைலன்சர் பகுதியை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினேன். ஆசைப்பட்ட கனமான சத்தம் வந்தது, பின்பக்கமும் எடுப்பாக இருந்தது. ஆனால் அரை மணி நேரம் ஓட்டினால் 2,000 ஆர்பிஎம் பக்கம் கடகடவென்று ஒரு அதிர்வு. ஆறியதும் நின்றுவிடும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் கேட்கவே இல்லை.

ஹீட் ஷீல்டு (வெப்பத் தடுப்புத் தகடு) போல்ட்டுகளை இறுக்கினோம், குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர்களை மாற்றினோம், மஃப்ளரைக் (சைலன்சர் டப்பா) கழற்றிக் குலுக்கியும் பார்த்தோம். பயனில்லை.

அப்புறம் லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தபோது, பின் ஆக்சில் அருகே குழாய் வளையும் இடத்தில் நகம் அளவுக்கு ஒரு பளபளப்பான தேய்மானம் தெரிந்தது. எதிரே பாடி பிராக்கெட். நடுவில் 5 மி.மீ. இடைவெளி இருந்ததால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் 2 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 7 மி.மீ. நீளும்!

எல்லா கிளாம்ப்பையும் தளர்த்தி, குழாயைச் சற்றே திருப்பி, 15 மி.மீ. இடைவெளி விட்டு, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கினோம். நீளும் அளவை மனதில் வைத்து, குழாயின் நுனியில் உள்ள டிப்பையும் பம்பருக்குள் கொஞ்சம் தள்ளி வைத்தோம். நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேற்றி ஓட்டினேன். கடகட இல்லை, அப்பாடா.