ரெக்கவரி வண்டியில் என்னென்ன பாதுகாப்புச் சாமான் வேண்டும்? புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

பழுதாகி நின்ற வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியை வாங்கியவர்கள் முதலில் பேசுவது, ரோப்பைச் சுற்றி இழுக்கும் வின்ச் எத்தனை டன் இழுக்கும் என்பதைத்தான். ஆனால் இந்தத் தொழிலில் ஆளுக்கு ஆபத்து பெரும்பாலும் பின்னால் வருகிற வண்டியிலிருந்து வருகிறது. அதனால் இழுக்கிற சாமானுக்கு முன்னால், நம்மைத் தூரத்திலேயே கண்ணில் படவைக்கிற சாமானைச் சேர்க்க வேண்டும்.

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் ஒரு கார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இறக்கம், வளைவு, பிரேக் சூடேறிய லாரிகள். போய் நின்றது முதல் கிளம்புவது வரை கை எதைத் தேடுமோ, அந்த வரிசையில் பார்க்கலாம்.

1. கதவைத் திறக்கும் முன்

மேலே சுழலும் மஞ்சள் விளக்கைப் போடுங்கள். ஒளிரும் ஜாக்கெட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள். அது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்க வேண்டும், பின்பெட்டியில் இருந்தால் பயனில்லை. மஞ்சள், வெளிர்பச்சைத் துணி பகலில் பளிச்சென்று தெரியும். இரவில் காப்பாற்றுவது அதிலுள்ள வெள்ளிப் பட்டை மட்டும்தான். பட்டை மங்கிவிட்டதா என்று பார்க்க, இருட்டில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பத்தடி தள்ளி நின்று அடித்துப் பாருங்கள். திருப்பிப் பளீரென்று அடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். கார்க்காரருக்கும் கூட இருப்பவருக்கும் இரண்டு ஜாக்கெட் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. அவர்களைச் சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

2. கூம்பும் முக்கோணமும்

ஆறு கூம்பு, இரண்டு எச்சரிக்கை முக்கோணம் இருக்கட்டும். எவ்வளவு தூரத்தில் வைப்பது? 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டு நொடி ஆனால் 45 மீட்டர் போச்சு. அதற்கு அப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். ஆகவே முதல் முக்கோணம் குறைந்தது 100 மீட்டர் பின்னால், சுமார் 130 எட்டு நடந்து வைக்க வேண்டும். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள். போகும்போது சாலைக்கு வெளியே, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி, முக்கோணத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடங்கள்.

கல்லையும் மரக்கிளையையும் அடுக்குகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. வண்டி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும், இரவில் பைக்கில் வருகிறவர் அதில் போய் விழுவார். தயவுசெய்து வேண்டாம்.

3. தடுப்புக் கட்டை

ரப்பரோ மரமோ, சக்கரம் உருளாமல் தடுக்க நான்கு கட்டை. உங்கள் வண்டிக்கு இரண்டு, காருக்கு இரண்டு. இறக்கத்தில் பள்ளம் இருக்கும் பக்கம் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

4. வின்ச் வேலை

இங்கே அவசரமே கூடாது. கைக்குத் தோல் கையுறை போடுங்கள். இரும்பு ரோப்பில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழை துணிக் கையுறையைக் கிழித்துக்கொண்டு போகும். ரோப்பில் அறுந்த இழை, முறுக்கு, நசுங்கல் இருக்கிறதா என்று இழுக்கும் முன் பாருங்கள். ரோப் சுற்றியிருக்கும் டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்று மிச்சம் இருக்க வேண்டும். முழுக்க அவிழ்த்தால் ரோப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

இழுவையில் இருக்கும் ரோப் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். அதனால் கனமான ஈரச் சாக்கை நடுவில் போர்த்துங்கள், அடி வேகம் குறையும். அப்படியும் ரோப் போகிற நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கார் பள்ளத்தில் கனமாகச் சிக்கியிருந்தால் ஒரு கப்பி உதவும். அதை காரில் மாட்டி, ரோப்பை அதன் வழியாகத் திருப்பி உங்கள் வண்டியிலேயே கட்டினால் வின்சுக்கு வரும் பாரம் ஏறக்குறைய பாதியாகும்.

5. கட்டுதல்

காரை பிளாட்பெட் மேல், அதாவது உங்கள் வண்டியின் தட்டையான தளத்தில், ஏற்றியதும் நான்கு சக்கரத்துக்கும் நான்கு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பெல்ட்), கூடவே பாதுகாப்புச் சங்கிலி. பெல்ட் லேபிளில் இரண்டு எடை போட்டிருந்தால் சிறியதுதான் உங்களுக்கான கணக்கு, பெரியது அறுந்துபோகும் எடை. வெட்டு விழுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள். பெல்ட்டை இறுக்கிய பிறகுதான் வின்ச் ரோப்பைத் தளர்த்த வேண்டும். கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி மறுபடி இறுக்குங்கள்.

எலக்ட்ரிக் கார் என்றால் நான்கு சக்கரமும் பிளாட்பெட் மேல் இருக்க வேண்டும். சக்கரம் உருள இழுத்தால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும்.

6. மற்றவை

உலர்பொடித் தீயணைப்பான் (முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள்), சிந்திய ஆயிலுக்கு மணலோ மரத்தூளோ, முதலுதவிப் பெட்டி, தலையில் மாட்டும் டார்ச். எலக்ட்ரிக் கார் பேட்டரியில் புகை வந்தால் அந்தத் தீயணைப்பான் போதாது. விலகி நின்று 112-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

சாமானை வண்டியில் அடுக்கும்போது பெல்ட் அடியில், கூம்பு மேலே. கிளம்பும் முன் கூம்பை எண்ணுங்கள். ஆறு இறங்கியிருந்தால் ஆறும் ஏறியிருக்க வேண்டும்.