விலையை மாற்றினால் பழைய பில்லும் மாறுகிறதா?

கோடிங் இல்லாமல் டேபிள் போடும் கருவியில் பில்லிங் அமைத்தால் முதல் இடறல் லுக்கப் ஃபீல்டில்தான் (இன்னொரு டேபிளின் மதிப்பை எடுத்துக் காட்டும் நெடுவரிசை). பொருள் டேபிளில் துவரம்பருப்பு 140 ரூபாய். பில் டேபிள் அதை லுக்கப்பாக எடுக்கிறது. விலையை 155 ஆக்கிய நொடியே போன மாத பில்லும் 155 கணக்கில் கூடிவிடும். லுக்கப் எதையும் சேமிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து வருகிறது. இது கருவியின் பிழை அல்ல, டேபிள் அமைப்பின் பிழை.

பில் டேபிளில் 'விற்ற விலை' என்று சாதாரண எண் ஃபீல்டு சேர்த்து, லுக்கப் மதிப்பை ஆட்டோமேஷன் (கருவி தானாகச் செய்யும் வேலை) வழியாக அதில் நகலெடுக்க வைத்தேன். 'புது வரிசை உருவானதும்' என்று டிரிகர் (அதை ஓடவைக்கும் நிகழ்வு) வைத்தால் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஓடி, வெற்றிடம்தான் நகலாகும். 'பொருள் நிரம்பி, விற்ற விலை காலியாக இருந்தால்' என்பதே சரியான நிபந்தனை. மொத்தம் = அளவு × விற்ற விலை. பழைய வரிசைகளை அச்சிட்ட பில்லைப் பார்த்துக் கையால்தான் நிரப்பவேண்டும்; குறுக்குவழி இல்லை.

ஒரே போன் நம்பர் இரண்டு முறை பதிவாவதைத் தடுக்கும் வசதி பல கருவிகளில் கிடையாது. அது கட்டாயம் என்றால் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸுக்கு மாறலாம். அப்படி மாற, டேபிள்களைச் சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த எழுத்துக்கோப்பு) எடுக்கும்முன் ஒவ்வொரு டேபிளிலும் ஐடி (தனி அடையாள எண்) ஃபீல்டு சேருங்கள். இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் இணைப்பு ஃபீல்டு வெறும் பெயராக வந்தால் இரண்டு முருகன்கள் ஒருவராகிவிடுவார்கள். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை (சுட்டப்படும் வரிசை உண்மையில் இருக்கிறதா என்ற சரிபார்ப்பு) வழக்கமாக அணைந்தே இருக்கும், டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இயக்கவேண்டும். பணத்தைப் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள்.