மோல் எனக்குப் பிடிபட்ட விதம்
வேலைக்குப் போய்க்கொண்டே பள்ளி வேதியியலை மறுபடி கையில் எடுத்தேன். அணு, பிணைப்பு எல்லாம் சுலபமாக ஓடியது. மோலில் வண்டி நின்றுவிட்டது. ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று மனப்பாடம் செய்து என்ன பயன்?

அப்புறம் சமையலறைத் தராசை எடுத்தேன். தண்ணீர் 18 கிராம், உப்பு 58.5, சர்க்கரை 342. மூன்றும் ஒவ்வொரு மோல். தண்ணீர் ஒரு வாய்க்குத்தான் வரும், சர்க்கரையோ கிண்ணம் நிறைய! எண்ணிக்கை ஒன்று, எடை வேறு என்பது அங்கேதான் உறைத்தது.

அடுத்து 8.4 கிராம் சமையல் சோடா, அதாவது 0.1 மோல். வினிகரையும் தாராளமாக எடை போட்டு ஊற்றினேன். கணக்குப்படி அதே 0.1 மோல், அதாவது 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும். தராசு காட்டிய குறைவு அதைவிடச் சற்றுக் கம்மி. கொஞ்சம் வாயு திரவத்திலேயே கரைந்து நின்றுவிடுகிறது. இப்போதெல்லாம் கிராமை மோலாக்கிவிட்டுத்தான் சமன்பாட்டைத் தொடுகிறேன்.