பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறீர்களா? கடைக்கால் தோண்டும் முன் ஒரு நிமிடம்

வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம் கிடக்கிறது. துணி காயப்போடுவதைத் தவிர அங்கே ஒரு வேலையும் நடப்பதில்லை. சமையலறையிலோ இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்கிறது. பின்னால் கொஞ்சம் இழுத்துவிட்டால் என்ன என்று எங்கள் வீட்டிலும் யோசனை வந்தது. தொண்ணூறுகளில் தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மேலேயே தளம் போட்டுக் கட்டிய மாடி வீடு. மேஸ்திரி வந்து காலாலேயே அளந்து பார்த்து, “பத்துக்கு எட்டு போட்டுடலாம் சார், இருபது நாள் வேலை” என்றார். இரண்டரை மாதம் ஆனது. அதில் முக்கால்வாசி, நாங்களே வரவழைத்துக்கொண்ட தாமதம்.

அந்த இடம் சும்மா கிடக்கிறது என்று நினைத்ததுதான் முதல் தவறு. வீட்டின் முன்பக்கம் விருந்தாளிக்கு என்றால் பின்பக்கம் குழாய்களுக்கு. மாடிக் குளியலறையின் கழிவுக்குழாய், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், கழிவுக்குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட குழிகளான இரண்டு சேம்பர், செப்டிக் டேங்க், போர்வெல், மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது தோண்டிய குழி என்று எல்லாமே எங்களுக்கு அங்கேதான் இருந்தன. மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டபோது செப்டிக் டேங்க்கின் மூடி சரியாக அடுப்பு வரும் இடத்தில் விழுந்தது. டேங்க் நிரம்பிக் கழிவுநீர் லாரி வரும் நாளில் அடுப்பை எங்கே தூக்கி வைப்பது? போர்வெல்லும் அப்படித்தான். மோட்டார் பழுதானால் இருபதடி நீள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே உருவ வேண்டும். தலைக்கு மேலே தளம் போட்டுவிட்டால் அது நடக்காது. கடைசியில் அறையை இரண்டடி நகர்த்தினோம்.

அதனால் அறையின் வரைபடத்துக்கு முன்னால், மண்ணுக்குள் இருப்பதற்கு ஒரு படம் வேண்டும். எல்லா சேம்பர் மூடிகளையும் திறந்து, மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எது எங்கே வந்து சேர்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. சுவரோடு இறங்கும் குழாய்களை அறைக்குள்ளேயே விட்டு, செங்கல் வைத்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடைப்பு எடுக்கத் திறக்கும் மூடி வைத்த வளைவு, அதாவது டோர் பெண்டு, அந்தச் செங்கலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். செலவானாலும் புதுச் சுவருக்கு வெளியே திருப்பிவிடுவது நல்லது. பாத்திரம் கழுவும் புதுத் தொட்டியின் கழிவுநீருக்கு எவ்வளவு சரிவு கிடைக்கும் என்பதையும் அப்போதே பாருங்கள். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் இறக்கம் இருந்தால் நிம்மதி. சேம்பர் மேடாக இருந்தால் அறையின் தரை மட்டத்தையே மாற்ற வேண்டி வரும். தரை பூசிய பிறகு அது தெரிந்து பயனில்லை.

அடுத்தது வெளிச்சம். யாரும் யோசிக்காத விஷயம் இது. பழைய சமையலறைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்திருக்கும். இனி அது வெளியே பார்க்காது, புது அறையைப் பார்க்கும். புதுச் சமையலறை பளிச்சென்று இருக்கும், ஆனால் சாப்பாட்டு அறையாக மாறிய பழைய அறையில் பகல் பதினோரு மணிக்கே விளக்குப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம், இன்றும் செய்கிறோம். புதுத் தளத்தில், பழைய சுவரை ஒட்டி, இரண்டடிக்கு இரண்டடி திறப்பு விட்டுக் கனமான கண்ணாடி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

சுவரை உடைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவரை மட்டும் எடுத்து அதை வாசலாக்கினால் பெரிய ஆபத்தில்லை, மேலே பாரம் தாங்கும் குறுக்குக் கட்டை, லிண்டல், ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் “ஓப்பனா இருக்கட்டும்” என்று பக்கவாட்டில் அகலப்படுத்த ஆரம்பித்தால் கதையே வேறு. மாடியின் பாரம் அந்தச் சுவரிலும் இறங்குகிறது. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலம் சுவரில் உட்காரும்படி புது லிண்டலோ இரும்பு பீமோ போட்ட பிறகுதான் அதற்குக் கீழே ஒரு செங்கலைத் தொட வேண்டும்.

புதுச் சுவரைப் பழையதோடு எப்படிச் சேர்ப்பது? பழைய சுவரைக் கொத்தி, புதுச் செங்கலைச் செருகிப் பூசிவிடுவதுதான் வழக்கம். பழைய வீடு முப்பது வருடத்தில் அமர வேண்டிய அளவு அமர்ந்துவிட்டது. புதுசு இனிமேல்தான் அமரும். இரண்டையும் கட்டிப்போட்டால் சேரும் இடத்தில் விரிசல் வரும், கரிசல் மண் என்றால் முதல் கோடையிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதில் புது அறை நாலு தூணில் தன் காலிலேயே நிற்கட்டும். நடுவே ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, தெர்மக்கோல் வைத்து, வெளியே நெகிழும் சீலன்ட் அடித்துவிடலாம். பழைய கடைக்காலை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டக் கூடாது, மழைக்காலத்தில் தோண்டவே கூடாது. தூண் எங்கே வரும், எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு பொறியாளரை அழைத்து வந்து காட்டுங்கள். டைல்ஸுக்கு ஆகும் செலவில் ஒரு துளிதான் அது.

அந்த இடைவெளிக்கு மேலே தளம் சேரும் கோடுதான் ஐப்பசி மழையில் ஒழுகும். மாடிச் சுவரில் வழிகிற தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து இறங்குகிறது. தளத்தின் சரிவு வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். சுவரில் பதித்த ஒரு மடிப்புத் தகடு அந்தக் கோட்டைக் குடை மாதிரி மூட வேண்டும். தகரக் கூரை போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சித்திரை மதியம் அதன் கீழே நின்று நீங்களே ஒரு தோசை சுட்டுப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறோம். பத்துக்கு எட்டு என்பது வெளி அளவு. பழைய சுவர் ஒரு பக்கம் இருக்க, மற்ற மூன்று பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் வந்தால் உள்ளே எட்டரைக்கு ஏழேகால், அதாவது எண்பது சதுர அடி அறுபத்திரண்டாகச் சுருங்கும். அதில் இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவே நாலரை அடி. ஒருவர் குனிந்து அடுப்புக்குக் கீழே எதையாவது எடுக்கும்போது இன்னொருவர் தாண்டிப் போக அது போதும். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தோம். முதலில் நினைத்த மூலையில் வைத்திருந்தால் பின்கதவு பாதிதான் திறந்திருக்கும். மேடை உயரத்தை மேஸ்திரியிடம் விடாதீர்கள். சமைப்பவரை நிற்க வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டரை வெளியே வைத்து, சுவரில் ஓட்டை போட்டு ரப்பர் குழாயை இழுப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. சுவருக்குள் மறைந்த குழாயில் வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வைப்பதென்றால் கேஸ் ஏஜென்சி மூலம் செம்புக் குழாய் போட வேண்டும். உள்ளே வைப்பதென்றால் தரையோடு ஒட்டிக் காற்றுப் போக ஒரு ஜாலி விட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், மேலே இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் அதைத் தொடாது. மின்சாரத்தில், கிரைண்டர், மிக்ஸி, ஓவனுக்கு மெயின் போர்டிலிருந்தே தனி லைன் இழுங்கள். பழைய அறையின் பிளக்கிலிருந்து கிளை எடுப்பது வேண்டாம்.

அப்புறம் காகிதம். பின்பக்கத் திறந்தவெளி பல மனைகளில் விதிப்படி விட்டாக வேண்டிய இடம். முழுக்க அடைத்துவிட்டு, பிறகு வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வங்கி அனுப்பும் பொறியாளர் பழைய வரைபடத்தையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

வாஸ்து பற்றிக் கேட்பீர்கள். வடக்குப் பார்த்த வீட்டில் பின்பக்கம் தெற்கு, அக்னி மூலை கிடைத்துவிடும், பிரச்சினையில்லை. கிழக்குப் பார்த்த வீட்டில் பின்பக்கம் மேற்கு, அங்கே வாயு மூலையைச் சொல்வார்கள். எங்கள் அம்மா அதற்கு ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அந்த மேற்குச் சுவரில் மாலை மூன்று மணிக்கு அடிக்கிற வெயில்.

பணக் கணக்கைச் சதுர அடி ரேட்டில் போடாதீர்கள். அந்த ரேட் முழு வீட்டுக்குப் பேசுவது. சின்னச் சமையலறையில் காலி இடமே கிடையாது, எல்லாம் குழாய், கல், டைல்ஸ், உடைப்பு, குப்பை அள்ளும் வண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், உடைத்த கல்லை யார் கொண்டுபோவது என்பது உட்பட.

வேலை நடக்கும்போது பழைய தொட்டியையும் அடுப்பையும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். புதுத் தொட்டியில் இரண்டு வாளி தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டி, வெளியே சேம்பரில் அது தேங்காமல் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கழற்றலாம். நாங்கள் முதல் நாளே கழற்றிவிட்டு, பதினெட்டு நாள் மாடிக் குளியலறையில் பாத்திரம் கழுவினோம்.