கயிற்றுக் குதிரையும் சங்கீதம் 32-உம்

400, 500 கிலோ எடையுள்ள குதிரையை இழுத்து நடக்க வைக்க முடியாது. முன்னால் நின்று முகத்தைப் பார்த்து இழுத்தால் தலையைத் தூக்கிப் பின்வாங்கும். அதன் இடது தோளருகே நின்று, போகவேண்டிய திசையைப் பாருங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மிரண்டு ஓடினால் விரல் போய்விடும், மடித்துப் பிடியுங்கள். மெல்ல இறுக்கி, கூட்டாமல் குறைக்காமல் காத்திருங்கள். ஒரு கால் அசைந்ததா, அந்த நொடியே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குப் பாடம். அடி எடுத்து வைத்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால் கீழ்ப்படிந்து பயனில்லை என்று அதற்குப் படும், நாளடைவில் மரத்துப்போகும்.

வாரும் கடிவாளமும் இல்லாமல் கிட்ட வராத குதிரையைப்போல இருக்கவேண்டாம் என்கிறது பைபிளின் சங்கீதம் 32:9. முந்தைய வசனத்தையும் சேர்த்தே படியுங்கள்: உன்மேல் கண்ணை வைத்து ஆலோசனை சொல்லுவேன் என்கிறார் கர்த்தர். பழகிய குதிரைக்கும் அப்படித்தான், நடத்துபவர் உடலைத் திருப்பினாலே புரிந்துகொள்ளும். கயிறு தொய்ந்தே கிடக்கும்.

ஜெபத்தில் ஒரே காரியம் திரும்பத் திரும்ப உறுத்தினால், அது கயிறு மெல்ல இறுகுவதுபோலத்தான்; முழு வழியும் தெரியட்டும் என்று நிற்காதீர்கள், ஒரு அடி எடுத்து வையுங்கள். கடன் பாக்கி என்றால் முதல் தவணையைக் கொடுங்கள். மனஸ்தாபம் என்றால் அன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள்.