கணக்குத் தேர்வு முடிந்த மத்தியானம் விடை ஒப்பிடுவது எப்படி

"எழுதி முடித்த தேர்வைப் பற்றிப் பேசாதே" என்று வீட்டிலும் சொல்வார்கள், பள்ளியிலும் சொல்வார்கள். பிளஸ் டூ கணக்குத் தாள் கடினமாக வந்த நாளில் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மன்னார்குடியில் இருபது வருடமாக டியூஷன் எடுக்கிறேன். ஒன்றேகாலுக்குத் தேர்வு முடிந்தால் இரண்டு மணிக்குள் என் வீட்டு வாசலில் பத்து ஜோடிச் செருப்பு கிடக்கும். பேசத்தான் போகிறீர்கள். முறையாகப் பேசுங்கள்.

முதலில் சாப்பாடு. மோர் சாதமாவது உள்ளே போகட்டும். பசித்த வயிற்றுக்கு ஏழும் எட்டும் பதினாறு என்றுதான் தோன்றும்.

சாப்பிட்ட கையோடு, வாயைத் திறக்கும் முன், ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் விடைகளை நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். தேர்வறையில் வினாத்தாளில் எதையும் குறிக்கக் கூடாது. ஆகவே நீங்கள் எழுதிய விடை உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அடுத்தவன் "எனக்கு மைனஸ் மூன்று வந்தது" என்று சத்தமாகச் சொன்ன அடுத்த நிமிடம் உங்களுக்கும் மைனஸ் மூன்று வந்ததுபோல இருக்கும். அதற்குப் பிறகு எழுதும் எதையும் நான் நம்பமாட்டேன். எழுதியது நினைவில்லையென்றால் கேள்விக்குறி போடுங்கள். புதிதாகப் போட்டுப் பார்த்து வந்த விடையை அங்கே எழுதாதீர்கள்.

ஒரு மதிப்பெண் கேள்விகள் இருபதையும் முதலில் முடித்துவிடலாம். அவற்றில் சரி, தவறு இரண்டே உண்டு. குறியீட்டை மட்டும் சொல்லாமல் விடையையும் சேர்த்துச் சொல்லுங்கள்; விடைத்தாளிலும் அப்படித்தானே எழுதச் சொல்கிறார்கள்.

சண்டை வருவது மற்றவற்றில். இருவர் விடையும் வேறாகத் தெரிந்தால், யாருக்குத் தவறு என்று கேட்பதற்கு முன் இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒருத்தி √3 − √2 என்று எழுதியிருப்பாள். மற்றவள் √3 + √2 என்பதைப் பகுதியில் வைத்து மேலே 1 போட்டிருப்பாள். இரண்டும் ஏறக்குறைய 0.318. தளத்தின் சமன்பாட்டில் எல்லாக் குறியும் தலைகீழாக இருந்தால் முழுவதையும் −1 ஆல் பெருக்குங்கள். நேர்க்கோடு என்றால், அவன் எடுத்த புள்ளியும் நீங்கள் எடுத்த புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. நாங்கள் எழுதியது பழைய 200 மதிப்பெண் தாள். அதில் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு; கடைசியில் சைன் எக்ஸையும் கொசைன் எக்ஸையும் பெருக்கி வருவதைத் தொகையிட வேண்டும். எனக்குச் சைன் வர்க்கத்தில் பாதி வந்தது. என் தோழி இரட்டைக் கோண வாய்பாட்டில் இறங்கியிருந்தாள். அவளுக்குக் கொசைன் இரண்டு எக்ஸில் கால் பங்கு, முன்னால் கழித்தல் குறி. ஹரித்ரா நதிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "உனக்குத் தவறு" என்று தீர்ப்புச் சொன்னேன். வகுப்பில் முதல் மாணவி சொன்னால் மறுபேச்சு ஏது? வேதியியலுக்கு இருந்த விடுமுறையில் ஒரு நாள் முழுக்க அவள் அழுதாள் என்று அவள் அம்மா பிறகு சொன்னார்கள்.

அன்று ஒரு நிமிடம் செலவழித்து எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கலாம். எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டால் எனக்கு 0, அவளுக்கு −¼. தொண்ணூறு பாகை போட்டால் எனக்கு ½, அவளுக்கு ¼. இரண்டு இடத்திலும் இடைவெளி அதே ¼தான். எந்தக் கோணம் போட்டாலும் அது மாறாது. அந்த மாறாத ¼ஐ விழுங்கத்தான் தொகையிட்ட விடையின் கடைசியில் 'பிளஸ் சி' என்ற மாறிலி நிற்கிறது. இரண்டு விடையும் சரி.

ஆகவே எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆறு பேருக்கு ஒரே விடை வந்தால் அது சரியாக இருக்கலாம், அல்லது ஆறு பேரும் ஒரே டியூஷனாக இருக்கலாம். என் பிள்ளைகள் ஆறு பேர் கூட்டல், கழித்தல் குறியில் ஒரே பிழை செய்த வருடமும் உண்டு; சொல்லிக்கொடுத்தது நான். விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போடுங்கள். மூலம் என்றால் சமன்பாட்டில் வையுங்கள், நேர்மாறு அணி என்றால் பெருக்கிப் பாருங்கள். அதுதான் நடுவர்.

ஐந்து மதிப்பெண் கணக்கில் உண்மையாகவே தவறு என்று தெரிந்தால், எந்த வரியில் பிரிந்தீர்கள் என்று கண்டுபிடியுங்கள். திருத்தும் ஆசிரியரின் விடைக்குறிப்பில் மதிப்பெண் படிப்படியாகப் பிரித்திருக்கும். கடைசி வரியில் பிரிந்தவனும் முதல் வரியில் பிரிந்தவனும் ஒரே அளவு இழப்பதில்லை.

பொறியியல் சேர்க்கைக்கான கட்டாஃப் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கிறவனை மட்டும் ஓரமாக உட்கார வையுங்கள். 200இல் கணக்குக்கு முழு 100. இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருங்கிவிடும். அதனால்தான் கணக்கில் போன ஒரு மதிப்பெண் இத்தனை வலிக்கிறது. ஆனால் அந்தக் கூட்டலை இன்றைக்கே போட்டு ஆவதொன்றும் இல்லை.

ஒரு மணி நேரம் போதும். பிறகு அந்த வெள்ளைத்தாளை வினாத்தாளுக்குள் மடித்து என்னிடம் கொடுத்துவிடச் சொல்வேன். முடிவு வந்தபின் மதிப்பெண் மிகவும் இடித்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகலைப் பார்த்துவிட்டு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். அப்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும். அதுவரை என் அலமாரியில், பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில் இருக்கும். பாதிப் பேர் கேட்டு வருவதேயில்லை.