இங்கிலாந்து கன்ட்ரி ஷோவில் போட்டிக்கு வைப்பது எப்படி

இங்கிலாந்தில் கோடை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் ஒரு ஷோ நடக்கும். பெரிய கூடாரம், உள்ளே நீள நீள மேஜைகள், அதன்மேல் தட்டுத் தட்டாகத் தக்காளி, வெங்காயம், ஜாம் பாட்டில், கேக், யாரோ பின்னிய குழந்தை ஸ்வெட்டர். முதல்முறை பார்க்கும்போது இதெல்லாம் மூன்று தலைமுறையாகத் தோட்டம் போடுகிறவர்களுக்குத்தான் என்று நினைத்தேன். அப்படி இல்லை, வாடகைக்கு ஒரு துண்டு அலாட்மென்ட் (காய்கறி போடுகிற தோட்ட நிலம்) வைத்திருக்கிறவரும் ஜன்னலோரத் தொட்டியில் மிளகாய் வளர்க்கிறவரும் வைக்கலாம். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சில்லறைக் காசு, பரிசும் சில்லறைக் காசுதான். சிவப்பு அட்டை வைத்திருந்தால் பதறாதீர்கள், இங்கே அதுதான் முதல் பரிசு.

நான் முதல் வருடம் சட்னி கிளாஸில், அதாவது சட்னிக்கான போட்டிப் பிரிவில், தக்காளித் தொக்கை வைத்தேன். எங்கள் வீட்டில் நான்கு நாளில் காலியாகிற தொக்கு, நல்லெண்ணெய் மேலே மிதக்க, பார்த்தாலே சோறு கேட்கும். ஜட்ஜ் அட்டையில் எழுதியிருந்தது: சுவை நன்று, எண்ணெய் பிரிந்துவிட்டது. பிரிந்துவிட்டதா? பிரிய வேண்டும் என்றுதானே அரை மணி நேரம் கிளறினேன்! ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கே சட்னி என்றால் வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, ஒன்றிரண்டு மாதம் ஊறவைத்த பண்டம். பெயரை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு பண்டத்தை மாற்றிவிட்டார்கள். போட்டி அவர்களுடைய சட்னிக்குத்தான். செப்டம்பர் ஷோவுக்கு வைப்பதானால் ஜூலையிலேயே காய்ச்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் வினிகர் நெடி மூக்கில் ஏறும். உலோகத்தை வினிகர் அரிக்கும் என்பதால், உட்புறம் பூச்சுள்ள மூடியாகப் பார்த்துப் போடுங்கள்.

ஆக, முதல் வேலை ஷெட்யூலைப் படிப்பது. எந்த கிளாஸில் என்ன, எத்தனை, எந்த அளவு என்று அச்சடித்த சின்னப் புத்தகம் அது. ஐந்து தக்காளி என்றால் ஐந்துதான், பெரிய மனதோடு ஆறு வைத்தால் ஜட்ஜ் என்.ஏ.எஸ். என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். ஷெட்யூல்படி இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. அடுத்தவர் வைத்த ஐந்து சுமார் தக்காளி சிவப்பு அட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதேபோல 'மூன்று வகைக் காய்' என்றால் கேரட், வெங்காயம், பீன்ஸ் என்று வேறு வேறு காயாக இருக்க வேண்டும், மூன்று ரகத் தக்காளி செல்லாது. இன்னொரு வேடிக்கை: ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டை இனிப்பு போட்டுப் பழம் மாதிரித் தின்கிறார்கள், ஆனால் இங்கே அது காய்கறிப் பிரிவு. தக்காளியும் அப்படியே.

காய்கறியில் நம் ஆட்கள் செய்கிற தப்பு, பெரியதாகப் பார்த்துப் பொறுக்குவது. ராட்சதக் காய்க்குத் தனி கிளாஸ் இருக்கும், அதை விடுங்கள். மற்றதில் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்க வேண்டும். நான்கு அழகானது, ஒன்று கொஞ்சம் குண்டு என்றால் அந்தக் குண்டு மற்ற நான்கையும் கவிழ்த்துவிடும். ஐந்து வைக்க இருபதாவது காய்த்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. தக்காளியைப் பச்சைக் காம்போடு பறித்து, காம்பு மேலே தெரிய அடுக்குங்கள். கேரட், பீட்ரூட்டில் இலையை வெட்டிவிட்டு மூன்று அங்குலத் தண்டை விட்டுக் கட்டுவார்கள். உருளைக்கிழங்கை மெத்தென்ற ஸ்பாஞ்சும் தண்ணீரும் வைத்துத்தான் கழுவ வேண்டும், தேங்காய் நாரால் தேய்த்தால் தோல் கீறிவிடும். கழுவிய பிறகு வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும், ஜட்ஜ் வரும்வரை துணி போட்டு மூடி வைக்கலாம். ரன்னர் பீன்ஸை முந்தின நாளே பறித்து ஈரத்துணியில் நீளவாக்கில் சுற்றிவைத்தால் வளைவு கொஞ்சம் நிமிரும். ஜட்ஜ் ஒன்றை ஒடித்துப் பார்ப்பார், படக்கென்று ஒடிய வேண்டும்.

சின்ன வெங்காயம் நம்ம சாமானாயிற்றே என்று இறங்கினேன், அங்கேயும் பாடம். ஊறுகாய்க்கான சின்ன வெங்காயம் என்று ஒரு கிளாஸ் உண்டு, அதில் ஒவ்வொன்றும் 30 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். ஜட்ஜ் நிஜமாகவே பையிலிருந்து வளையத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்! உதிரும் தோலை மட்டும் எடுத்துவிட்டு, நுனித் தண்டை மடக்கி ரஃபியா நாரால் கட்டி, தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் நிறுத்தினால் உருளாது.

பாகல், வெண்டை வளர்க்கிறவர்கள் 'வேறு எந்தக் காயும்' என்கிற கிளாஸைத் தேடுங்கள். ஆனால் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி என்கிற தோட்டக்கலைச் சங்கத்தின் விதிகளைப் பின்பற்றுகிற ஷோக்களில் வளர்க்கக் கஷ்டமான காய்க்கு அதிக மதிப்பெண் உண்டு, பட்டாணிக்கு 20 என்றால் கோர்ஜெட்டுக்கு (சுக்கினி) 12தான். வேறு வேறு காய்கள் ஒரே கிளாஸில் மோதும்போது இந்த வித்தியாசம் அடிக்கும்.

ஜாமுக்கு வருவோம். கம்பெனி பெயர் பொறித்த பாட்டிலும் பழைய ஊறுகாய் மூடியும் வேண்டவே வேண்டாம், நிறமில்லாத வெறும் பாட்டில், புது மூடி. விளிம்பு வரை நிரப்ப வேண்டும். திருகு மூடி போட்டால் மெழுகுத் தாள் போடக்கூடாது, மெழுகுத் தாள் போட்டால் செலஃபேன் தாளால் கட்ட வேண்டும், இரண்டு முறையையும் கலந்தால் மதிப்பெண் போச்சு. லேபிளில் என்ன ஜாம், எந்தத் தேதியில் காய்ச்சியது என்று முழுதாக எழுதி நேராக ஒட்டுங்கள். பாகுப் பதம் பார்த்துப் பழகிய கைக்கு ஜாம் பெரிய விஷயமில்லை. தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 105 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், ஆடை சுருங்கினால் இறக்கிவிடலாம்.

விக்டோரியா சாண்ட்விச் கேக்கில்தான் சண்டையே. முட்டையை ஓட்டோடு எடை போட்டு, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு. நடுவில் ராஸ்பெர்ரி ஜாம் மட்டும், மேலே காஸ்டர் எனப்படும் பொடிமணிச் சர்க்கரையைத் தூவினால் போதும். க்ரீம், ஐசிங், செர்ரி என்று பிறந்தநாள் கேக் மாதிரி ஜோடித்தால் அவ்வளவுதான். கம்பித் தட்டில் கவிழ்த்து ஆறவைத்தால் கோடு விழும், அந்தக் கோட்டுக்குக்கூட மதிப்பெண் குறைப்பார்கள், துணி விரித்து ஆறவையுங்கள். எனக்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் தோன்றுகிறது, சாப்பிடுகிறவன் கோட்டையா பார்க்கிறான்?

கைவேலையில் பின்னல், குரோஷா, தையல் எதுவானாலும் ஜட்ஜ் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். நூல் முனை தொங்கக்கூடாது. பூனை முடி, சமையல் வாசனை இரண்டும் கூடாது (தாளித்த அன்று ஸ்வெட்டரை வெளியே எடுக்காதீர்கள்). போன வருடம் அதே ஷோவில் வைத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இத்தனை கறார் ஒத்துவராது என்றால் லண்டனில் லாம்பெத் கன்ட்ரி ஷோ பக்கம் போங்கள். 1974இல் தொடங்கியது, பிராக்வெல் பூங்காவில் நடப்பது. அங்கே காய்கறியில் உருவம் செய்து, பிரபலமானவர்களின் பெயரையும் காயின் பெயரையும் சேர்த்துச் சிலேடையாகத் தலைப்பு வைக்கிற போட்டி ரொம்பப் பிரபலம். காளமேகம் இருந்தால் வருடா வருடம் அவருக்குத்தான்.

ஷோ அன்று காலை சீக்கிரமே போய்விடுங்கள், குறித்த நேரத்துக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிக் கூடாரத்தை மூடிவிட்டுத்தான் ஜட்ஜ் உள்ளே வருவார். உங்கள் பெயர் எழுதிய அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு உபரித் தக்காளி, ஈரத்துணி, கத்தரிக்கோல், பேனா கையோடு இருக்கட்டும், வழியில் ஒன்று நசுங்குவது நிச்சயம். மதியம் கதவு திறந்ததும் அட்டையைப் பார்த்துவிட்டு உடனே பொருளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது, அறிவிக்கும்வரை மேஜையிலேயே இருக்க வேண்டும். கேக்கில் ஜட்ஜ் ஒரு துண்டு வெட்டியிருப்பார், அதனால் வீட்டுக்குக் கொண்டுபோக மூடியுள்ள டப்பா ஒன்று எடுத்துப் போங்கள்.